ஒரு கேலிச்சித்திரத்துக்காக ஒரு தளமே ஏன் போகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். 2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் முடக்கப்பட்டபோது சிலருக்கு வீட்டு பிராட்பேண்டில் திறக்கவில்லை, அதே நேரத்தில் கைப்பேசி டேட்டாவில் திறந்தது. அப்படியானால் அரசாங்கம் ஒரு தளத்தை எப்படித்தான் தடுக்கிறது? எந்தச் சட்டத்தில்? இணைப்பை வேறோர் இடத்து சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் விபிஎன் செயலியைப் போட்டால் எல்லாம் திறக்கிறதே, பிறகு கருத்துச் சுதந்திரத்துக்கு என்ன பெரிய நஷ்டம்?

டெல்லியில் எங்கோ ஓர் அறையில் ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அமுக்கினால் தளம் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. சீனா வெளிநாட்டு இணைப்புகள் உள்ளே நுழையும் வாசலிலேயே வடிகட்டியை வைத்திருக்கிறது. ரஷ்யா 2019-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு இணைய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்குள்ளும் அரசே இயக்குகிற பெட்டிகளைப் பொருத்தவைத்தது. இந்தியா இந்த வேலைகளில் இறங்கவில்லை. அதைவிட மலிவான வழி ஒன்று அதன் கையில் ஏற்கெனவே இருந்தது: லைசென்ஸ்.

இணையச் சேவை தரும் எந்த நிறுவனமும், பெரிய கைப்பேசி நிறுவனமானாலும் ஊரில் கேபிள் டிவியோடு சேர்த்து நெட் தருபவரானாலும், தொலைத்தொடர்புத் துறையின் லைசென்ஸ் இல்லாமலோ, லைசென்ஸ் வைத்திருப்பவரின் கீழ் வராமலோ தொழில் செய்ய முடியாது. துறை சொல்லும் தளங்களைத் தடுக்க வேண்டும் என்பது அந்த லைசென்ஸின் நிபந்தனைகளில் ஒன்று. நான் இத்துறையில் நெட்வொர்க் பக்கம் வேலை பார்த்தவன். உத்தரவு எப்படி வரும் என்றால், ஒரு மின்னஞ்சல், அதில் ஒரு பிடிஎஃப், அதில் ஒரு பட்டியல், கீழே உடனடியாக நிறைவேற்றித் தகவல் தெரிவிக்கவும் என்று ஒரு வரி. ஏன் தடுக்கிறோம் என்று அதில் இருக்காது. எப்படித் தடுக்க வேண்டும் என்றும் இருக்காது. கையில் இருக்கும் கருவியை வைத்து ஆளாளுக்கு ஒரு விதமாகத் தடுப்பார்கள். உங்கள் வீட்டில் திறக்காதது கைப்பேசியில் திறந்ததன் காரணம் இதுதான். அதற்குப் பின்னால் சதி ஒன்றும் இல்லை.

எளிய வழி டிஎன்எஸ். விகடன் டாட் காம் என்று நீங்கள் தட்டியதும், அந்தப் பெயருக்கான எண் முகவரி என்ன என்று உங்கள் கருவி முதலில் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். அங்கே ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும். அப்படி ஒரு பெயரே கிடையாது என்று சர்வர் சொல்லிவிடும், அல்லது அரசு உத்தரவுப்படி முடக்கப்பட்டது என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடும். சின்ன நிறுவனங்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதனால்தான் கைப்பேசியிலோ ரவுட்டரிலோ டிஎன்எஸ்ஸை கூகுளுக்கோ கிளவுட்ஃபிளேருக்கோ மாற்றியதும் சிலருக்குத் தளம் திறந்துவிடுகிறது.

கொஞ்சம் பெரிய நிறுவனங்கள் அடுத்த படிக்குப் போகின்றன. இதைப் புரிந்துகொள்ளப் பழைய கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பெரும்பாலான தளங்கள் எச்டிடிபி-யில் ஓடின. நீங்கள் எந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைக் கேட்கிறீர்கள் என்பது முழுக்க நடுவில் இருப்பவருக்குத் தெரியும். அவர் நினைத்தால் ஒரு தளத்தின் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கலாம். இப்போது எல்லாம் எச்டிடிபிஎஸ். ஒட்டிய தபால் உறைபோல, உள்ளே என்ன பக்கம், என்ன படம் என்பது நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. மேலே எழுதிய பெயர் மட்டும் தெரியும். இணைப்பைத் தொடங்கும் முதல் தகவலில் தளத்தின் பெயர் திறந்தபடியே போகிறது. அதற்கு எஸ்என்ஐ என்று பெயர். தடைப்பட்டியலில் உள்ள பெயர் அதில் தென்பட்டால், இணைப்பை முறித்துக்கொள்ளச் சொல்லும் போலித் தகவலை நிறுவனத்தின் கருவி உங்களுக்கு அனுப்பும். உலாவியில் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று மட்டும் வரும். தடுத்தது அரசா, சர்வர் படுத்துவிட்டதா, வீட்டு வைஃபை கோளாறா என்று பார்ப்பவருக்கு விளங்காது. ஜியோ இந்த முறையைக் கையாள்வதைப் பெங்களூரைச் சேர்ந்த இன்டர்நெட் அண்ட் சொசைட்டி மையத்தின் ஆய்வாளர்கள் சோதித்துக் கண்டுபிடித்தார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் தடுக்கும் முறை மட்டுமல்ல, தடுக்கப்படும் தளங்களின் பட்டியலே வேறுபடுகிறது என்பதும் அவர்களுடைய 2020 ஆய்வில் தெரியவந்தது. எல்லோருக்கும் ஒரே அரசு, ஒரே உத்தரவு. ஆனால் நீங்கள் எதைப் படிக்கலாம் என்பது யாரிடம் கனெக்ஷன் வாங்கினீர்கள் என்பதைப் பொறுத்தது.

தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அமெரிக்கா விலங்கு மாட்டி ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிய இந்தியர்கள் 2025 பிப்ரவரி 5-ல் அமிர்தசரஸில் வந்து இறங்கினார்கள். அதையொட்டி, டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி சங்கிலியால் கட்டப்பட்டு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் மின்னிதழில் வந்தது. அப்போதைய தமிழக பாஜக தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்தார். பிப்ரவரி 15, சனிக்கிழமை மாலை முதல் தளம் பலருக்குத் திறக்கவில்லை. ஆட்சேபம் ஒரு சித்திரத்தின் மேல். நடுவில் இருக்கும் இணைய நிறுவனத்தால் அந்தச் சித்திரத்தை மட்டும் மறைக்க முடியாது, அதற்குத் தெரிவது தளத்தின் பெயர் மட்டும்தான். ஆகவே சமையல் குறிப்பு, ராசிபலன், சினிமா விமர்சனம், மாவட்டச் செய்தி, பல ஆண்டுக் காப்பகம் எல்லாம் சேர்ந்து போயிற்று.

இது விகடனுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2014 டிசம்பரில் ஐஎஸ் அமைப்பின் பிரசாரம் இருக்கிறது என்று சொல்லி 32 முகவரிகளைத் தடுக்க உத்தரவு வந்தது. அந்தப் பட்டியலில் கிட்ஹப் இருந்தது, விமியோ இருந்தது, இன்டர்நெட் ஆர்க்கைவும் இருந்தது. நாட்டில் பாதி மென்பொருள்காரர்கள் அன்றாடம் புழங்கும் இடம் கிட்ஹப். கூச்சல் கிளம்பிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார்கள். நீதிமன்றங்களும் இதே தவறைச் செய்திருக்கின்றன. 2017-ல் திருட்டு வீடியோவுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் 2,600-க்கு மேற்பட்ட முகவரிகளை முடக்க உத்தரவிட்டதில் மறுபடியும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மாட்டிக்கொண்டது. லட்சக்கணக்கான பழைய புத்தகங்களும் வலைப்பக்கங்களும் சேர்த்துவைக்கப்பட்ட இடம் அது. தமிழ் நூல்களே அதில் எத்தனையோ கிடக்கின்றன. பட்டியல் தயாரித்தவர் அந்தத் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே போதும்.

சென்னையிலேயே இன்னொன்று நடந்தது. 2024 பிப்ரவரியில் நகரின் தனியார் பள்ளிகள் பலவற்றுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் ஸ்விட்சர்லாந்தின் மின்னஞ்சல் சேவையான புரோட்டான் மெயில் வழியாக அனுப்பியிருந்தார். அவரைப் பிடிக்க முடியவில்லை என்றதும் புரோட்டான் மெயிலையே இந்தியா முழுக்க முடக்கிவிடலாம் என்ற இடத்துக்குப் பேச்சு போனது. ஸ்விட்சர்லாந்து அதிகாரிகள் தலையிட்டதில் அப்போது அது நின்றது.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்துக்குப் பஞ்சமில்லை. 2021 மார்ச்சில் ரஷ்யா ட்விட்டரை மெதுவாக்க நினைத்தது. ட்விட்டர் தன் சுருக்க இணைப்புகளுக்குப் பயன்படுத்தும் டி டாட் சிஓ என்ற முகவரியையும் வடிகட்டியில் போட்டார்கள். அந்த எழுத்துகள் எந்தப் பெயருக்குள் வந்தாலும் பிடிக்கும்படி போட்டுவிட்டதால் ரெடிட் டாட் காம், மைக்ரோசாஃப்ட் டாட் காம் எல்லாம் தவழ ஆரம்பித்தன. ரெண்டு பெயரும் டி-யில் முடிகின்றன, அடுத்து டாட் காம் வருகிறது, அவ்வளவுதான் அவை செய்த குற்றம். 2008 பிப்ரவரியில் பாகிஸ்தான் யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்கப்போய், யூடியூபுக்குப் போகும் பாதை எங்களிடம்தான் இருக்கிறது என்ற தவறான வழித்தகவலை உலகத்துக்கே கசியவிட்டது. சுமார் இரண்டு மணி நேரம் உலகின் பல பகுதிகளில் யூடியூப் இல்லை.

இனி சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவுதான் ஆணிவேர். 2008 திருத்தத்தில் சேர்க்கப்பட்டு 2009-ல் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாடுகளுடன் நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றங்களைத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய காரணங்களுக்காக மட்டும் மத்திய அரசு ஒரு தகவலை முடக்கலாம். பிரதமரைக் கேலி செய்தது, கட்சிக்குப் பிடிக்கவில்லை, அவதூறு என்பதெல்லாம் இதில் கிடையாது. உத்தரவை மீறும் நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு ஏழு ஆண்டுவரை சிறை. 2021-ல் வந்த விதிகள் இணையச் செய்தித் தளங்களையும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பார்வைக்குள் கொண்டுவந்தன.

காகிதத்தில் நடைமுறை ஒழுங்காகவே இருக்கிறது. புகாரைப் பல அமைச்சகங்களின் அதிகாரிகள் அடங்கிய குழு பார்க்க வேண்டும், வெளியிட்டவருக்கோ தளத்துக்கோ நோட்டீஸ் கொடுத்துக் குறைந்தது 48 மணி நேரம் அவகாசம் தர வேண்டும், அவர் சொல்வதைக் கேட்க வேண்டும், பிறகு செயலாளர் ஒப்புதல் தர வேண்டும். அவசரம் என்றால் முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவிடம் கொண்டுபோகலாம். விகடன் விஷயத்தில் தளம் சனிக்கிழமை போனது, குழு முன் விசாரணை இருக்கிறது என்ற நோட்டீஸ் மறுநாள் வந்தது. முதலில் அடி, பிறகு கேள்வி.

எனக்கு இதைவிட உறுத்துவது 2009 விதிகளில் உள்ள 16-வது விதி. புகார், அதன்மேல் எடுத்த நடவடிக்கை எல்லாம் கண்டிப்பான ரகசியம் என்கிறது அது. உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை அடித்துத் தள்ளியது பலருக்கு நினைவிருக்கும். முகநூலில் எதையோ எழுதியவரையெல்லாம் உள்ளே தள்ளப் பயன்பட்ட பிரிவு அது. அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றும் நீதிமன்றம் சொன்னது. காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம், ஆகவே பாதுகாப்பு இருக்கிறது என்பது அதன் வாதம். சரி, எழுதிய காரணம் ரகசியக் கோப்புக்குள் இருந்தால் எதை வைத்து ரிட் போடுவது? வரதட்சிணையைக் கிண்டல் செய்ய ஒருவர் நடத்திய நையாண்டித் தளம் 2018-ல் முடக்கப்பட்டது. உத்தரவின் நகலைக் கேட்டால் ரகசியம் என்றார்கள். 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நகலும் விசாரணையும் அவருக்குக் கிடைத்தன. வரதட்சிணை கேட்பவனைக் கிண்டல் செய்வதில் என்ன அரச ரகசியம் இருந்தது என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாலும் இதே விதியைக் காட்டித் திருப்பிவிடுகிறார்கள். இந்த ரகசிய விதியை எதிர்த்து வந்த மனுவில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

விகடனையே எடுத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் எம்எல்ஏக்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்து ஒரு ஜோக் வந்தது. சட்டமன்றம் கொதித்தது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் என்றார் சபாநாயகர் பி.எச். பாண்டியன். நாடே எதிர்த்துக் கூச்சலிட்டதில் சில நாட்களில் விடுவித்தார்கள். பிற்பாடு அவர் வழக்குப் போட்டு, அடையாள இழப்பீடாக ஆயிரம் ரூபாய் வாங்கினார். அது அநியாயமான தண்டனைதான். ஆனாலும் தண்டித்தது யார், எதற்காக, எத்தனை நாள் என்பது மறுநாள் காலைப் பேப்பரில் எல்லோருக்கும் தெரிந்தது. சிறைக்குப் போனவர் மரியாதையோடு வெளியே வந்தார், தண்டித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. 2025-ல் வாசகருக்குத் தெரிந்தது ஒரு வெற்றுத் திரை. மத்திய அரசு முடக்கியதாகச் செய்தி வருகிறது, எங்களுக்கு இன்னும் முறைப்படி அறிவிப்பு எதுவும் வரவில்லை என்று அந்தத் தளத்தை நடத்துபவர்களே முதலில் சொல்ல வேண்டிய நிலை. இணையத் தடையின் கூர்மை இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. யார் தடுத்தது என்று சுட்டிக்காட்ட முடியாதபோது யாரிடம் போய்க் கேட்பது?

மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பரத சக்கரவர்த்தி இடைக்கால உத்தரவு போட்டார். அந்தக் கேலிச்சித்திரப் பக்கத்தை விகடன் தற்காலிகமாக நீக்க வேண்டும், நீக்கியதும் தளத்தைத் திறந்துவிட வேண்டும். சித்திரம் இறையாண்மைக்கு எதிரானதா, பத்திரிகைச் சுதந்திரத்துக்குள் வருவதா என்பது பிறகு தீர்மானிக்க வேண்டிய விஷயம். தளம் திரும்பி வந்தது நல்லதுதான். ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: சட்டவிரோதம் என்று யாரும் தீர்ப்பளிக்காத ஒரு சித்திரம் கீழே இறங்கியது, சுமார் மூன்று வாரம் ஒரு பெரிய பத்திரிகைக் குழுமத்தின் தளம் மூடிக் கிடந்தது. விகடனுக்கு மூத்த வழக்கறிஞரை வைக்க வசதி இருக்கிறது. ஒரு சின்ன யூடியூப் சேனல்காரர், மாவட்டத்தில் தனியாளாகச் செய்தித் தளம் நடத்துபவர் என்ன செய்வார்? அடுத்த முறை சித்திரமே போடமாட்டார். இது எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறாது. முடக்கிய தளங்களை எண்ணிவிடலாம். எழுதாமல் விட்டதை எண்ண முடியாது.

தளத்தை முடக்குவதைவிட இப்போது அதிகம் நடப்பது சமூக ஊடக நிறுவனங்களின் மூலம் செய்யும் வேலை. விவசாயிகள் போராட்டத்தின்போது 2021 பிப்ரவரி 1-ல் கேரவன் இதழின் கணக்கும் போராட்ட அமைப்புகளின் கணக்குகளும் உட்பட சுமார் 250 கணக்குகளை ட்விட்டர் இந்தியாவில் மறைத்தது. அன்று மாலையே திறந்தும் விட்டது. அரசு விடவில்லை. பிறகு நடந்த வழக்கில் 2023 ஜூனில் கர்நாடக உயர் நீதிமன்றம் ட்விட்டருக்கு 50 லட்சம் ரூபாய் அபராதம் போட்டு மனுவைத் தள்ளியது. 2024-ல் சஹ்யோக் என்ற அரசுத் தளத்தைக் கொண்டுவந்தார்கள். 69ஏ-யின் குழு, நோட்டீஸ், விசாரணை எதுவும் இல்லாமல், பயனர் எழுதியதற்கான பொறுப்பிலிருந்து நிறுவனங்களைக் காக்கும் 79-வது பிரிவைக் காட்டிப் பல துறை அதிகாரிகளும் போலீசாரும் நேரடியாக நீக்கச் சொல்லி அனுப்பலாம். நீக்காவிட்டால் பயனர் எழுதியதற்கு நிறுவனமே குற்றவாளியாகும் ஆபத்து. எக்ஸ் (ட்விட்டரின் புதிய பெயர்) நிறுவனம் இதை எதிர்த்துப் போட்ட வழக்கும் 2025 செப்டம்பரில் அதே நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. வியாபாரம் செய்ய வந்த நிறுவனம் உங்கள் பதிவுக்காக எத்தனை நாள் மல்லுக்கட்டும்? சந்தேகம் வந்தாலே நீக்கிவிடுவதுதான் அதற்கு லாபம். அரசு அதன்பின் எதையும் தடுக்கத் தேவையில்லை.

எல்லாம் ஒரே திசையில் போகிறது என்றும் சொல்ல முடியாது. அரசைப் பற்றிய செய்தி பொய்யா மெய்யா என்று அரசின் பிரிவு ஒன்றே முடிவு செய்யும் விதியை 2023-ல் கொண்டுவந்தார்கள். நகைச்சுவைக் கலைஞர் குணால் காம்ரா உள்ளிட்டோர் வழக்குப் போட, பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் அதை ரத்து செய்தது.

அடுத்து, இணையத்தையே துண்டிப்பது. தமிழ்நாட்டுக்கு இது தெரியாத அனுபவம் அல்ல. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட்டுக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளைக்கு இணையத்தை நிறுத்த உள்துறை உத்தரவிட்டது. வதந்தியைத் தடுக்க என்று காரணம். அந்த நாட்களில் அந்த ஊரில் நடந்ததைப் படம்பிடித்து வைத்திருந்தவர்கள் ஊர்க்காரர்கள்தான். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது போலீஸ் வரம்பு மீறியது என்று அதில் இருந்தது. யாருடைய வதந்தியை யார் தடுத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறதா இல்லையா?

மணிப்பூர் இதைவிடக் கொடுமை. 2023 மே 3-ல் கலவரம் தொடங்கியதும் இணையம் போனது. மறுநாள் இரண்டு பெண்களை நிர்வாணமாக ஊர்வலமாக இழுத்துச் சென்றார்கள். அந்த வீடியோ வெளியே வந்தது ஜூலை 19-ல். இரண்டரை மாதம் உலகத்துக்கு அது தெரியாது. வீடியோ வந்த பிறகுதான் பிரதமர் பேசினார், உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்தது, கைதுகள் வேகமெடுத்தன. இணையம் இல்லாத நாட்களில் வன்முறை நின்றதா என்றால், இல்லை. தெரியாமல் போனது மட்டும்தான்.

காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து நீக்கப்பட்ட 2019 ஆகஸ்ட் 5-ஐ ஒட்டி அங்கே போன இணையம், கைப்பேசியில் பழைய 4ஜி வேகத்துக்குத் திரும்ப 2021 பிப்ரவரி ஆனது. நடுவில் 2020 ஜனவரியில் 2ஜி கொடுத்து, 301 தளங்களை மட்டும் பார்க்கலாம் என்று பட்டியல் போட்டார்கள். எது கூடாது என்று சொல்வது போய், இவை மட்டும் கூடும் என்று ஆனது. ஸ்ரீநகரில் நிருபர்கள் செய்தி அனுப்ப அரசு ஏற்பாடு செய்த கூடத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய கணினிகளின் முன் வரிசையில் நின்றார்கள். அரசு கொடுத்த கணினியில், அரசு பார்க்கும் இடத்தில் உட்கார்ந்து அரசைப் பற்றி என்ன எழுத முடியும்? கொரோனா வந்தபோது தீவிர சிகிச்சை வழிகாட்டி ஒன்றை, வெறும் 24 எம்பி, ஒரு மணி நேரமாகியும் இறக்க முடியவில்லை என்று ஒரு மருத்துவர் வெளிப்படையாகவே எழுதினார்.

2020 ஜனவரி 10 அன்று அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையறை இல்லாமல் நிறுத்தக் கூடாது என்றது. மனுதாரர் காஷ்மீர் டைம்ஸ் பத்திரிகையின் ஆசிரியர். நல்ல தீர்ப்பு; மாநிலங்கள் அதை மதித்து எல்லா உத்தரவையும் வெளியிட்டன என்று சொல்ல வாய் வரவில்லை. நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் வேடிக்கையான ஒன்று இருக்கிறது. நாட்டில் எத்தனை முறை இணையம் நிறுத்தப்பட்டது, அதனால் பலன் இருந்ததா என்ற கணக்கைத் தொலைத்தொடர்புத் துறையும் வைத்திருக்கவில்லை, உள்துறை அமைச்சகமும் வைத்திருக்கவில்லை. ஆனாலும் நிறுத்துவது நிற்கவில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்கக்கூட மாவட்டக்கணக்கில் நெட்டை நிறுத்தியிருக்கிறார்கள்.

எந்தத் தடையும் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. குழந்தைகளைப் பாலியல் கொடுமை செய்யும் படங்களை வைத்திருக்கும் தளத்தை முடக்கட்டும், வேண்டாம் என்பவர் யார்? ஊர்பேர் சொல்லி இன்னாரைக் கொல்லுங்கள் என்று சுற்றும் பதிவை நீக்கட்டும். எதை, ஏன், எத்தனை நாள் என்று எழுதி வெளியே வைத்துவிட்டுச் செய்யட்டும்.

கடைசியாக விபிஎன். இலங்கையில் 2022 ஏப்ரல் 3 அன்று, கோட்டாபய அரசுக்கு எதிரான போராட்ட அழைப்பை முறியடிக்க நள்ளிரவு தாண்டியதும் முகநூல், வாட்ஸ்அப், ட்விட்டர் எல்லாவற்றையும் தடுத்தார்கள். பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் தொலைத்தொடர்பு ஆணைக்குழு செய்தது அது. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ச, தான் விபிஎன் போட்டுத்தான் இதை எழுதுகிறேன், இப்படித் தடுப்பதில் அர்த்தமே இல்லை என்று ட்விட்டரில் பதிவிட்டார். ஆளும் குடும்பமே வேலியைத் தாண்டிக் குதித்த காட்சி. அன்று மாலைக்குள் தடையை எடுத்தார்கள். ஆகவே விபிஎன் வேலை செய்யும், குறைந்தபட்சம் இப்படிப்பட்ட அரைகுறைத் தடைகளுக்கு. இணையமே இல்லாத இடத்தில் விபிஎன் வெறும் ஐகான்.

இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் 2022 ஏப்ரலில் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி போன்றவற்றை ஐந்தாண்டு சேமித்துவைக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ் விபிஎன், நார்டு, புரோட்டான் போன்றவை தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து தூக்கிக்கொண்டு போயின. ஜம்மு காஷ்மீரில் நிலைமை வேறு: 2020 பிப்ரவரியில் விபிஎன் வழியாகச் சமூக ஊடகத்தைப் பயன்படுத்தியவர்கள்மேல் ஊபா என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது, பின்னர் சில மாவட்டங்களில் மாவட்ட நிர்வாகமே விபிஎன்னுக்குத் தடை போட்டது. அங்கே இருப்பவருக்கு நான் சும்மா போடுங்கள் என்று சொல்லமாட்டேன். இலவச விபிஎன்களைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். அவர்களுக்கும் சோறு வேண்டும், அது உங்கள் தகவலிலிருந்துதான் வரும்.

விபிஎன் வாசகரின் பிரச்சினையைத்தான் தீர்க்கிறது, எழுதுபவரின் பிரச்சினையை அல்ல. தளம் திறக்கவில்லை என்றால் விபிஎன் தேடுகிறவர் நூற்றில் எத்தனை பேர்? மற்றவர்கள் அடுத்த தளத்துக்குப் போய்விடுவார்கள். விளம்பர வருமானம் அவர்களோடு போகும், சந்தா புதுப்பிப்பது நிற்கும். தடுப்பவருக்கு எல்லோரையும் தடுக்க வேண்டிய அவசியம் இல்லை, பெரும்பாலானவர்களுக்கு அலுப்புத் தட்டவைத்தால் போதும். சீனாவின் பெரிய சுவரும் அப்படித்தான் வேலை செய்கிறது. தாண்டத் தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள், தாண்ட வேண்டும் என்று தோன்றாதவர்கள்தான் இன்னும் அதிகம்.

உங்கள் கண்ணெதிரில் ஒரு தளம் திறக்காவிட்டால் செய்து பார்க்க வேண்டியவை: வேறு நிறுவனத்தின் இணைப்பில் திறந்து பாருங்கள். பிறகு டிஎன்எஸ்ஸை மாற்றிப் பாருங்கள். டிஎன்எஸ் மாற்றியதும் திறந்தால் டிஎன்எஸ் அளவில் மட்டும் தடுத்திருக்கிறார்கள். அப்போதும் இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று வந்து, விபிஎன்னில் மட்டும் திறந்தால் எஸ்என்ஐ வடிகட்டலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊனி என்ற இலவசச் செயலி இந்தச் சோதனைகளைத் தானே செய்து முடிவைப் பொதுவில் பதியும். முடக்கப்பட்டது உங்கள் சொந்தத் தளம் என்றால், நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பல நிறுவனங்களின் இணைப்பில் நண்பர்களை எடுக்கச் சொல்லுங்கள், இணைய நிறுவனத்துக்கும் மின்னணு அமைச்சகத்துக்கும், செய்தித் தளமானால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் எழுத்து மூலம் உத்தரவின் நகலைக் கேளுங்கள். ரகசியம் என்று பதில் வரும். அந்தப் பதிலையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.